கூண்டுக்குள் ஓர் ஓய்வுநாள்



இன்று நாம் கேட்ட லூக்கா நற்செய்திப் பகுதியில், கூன் விழுந்த பெண் ஒருவர் தொழுகைக்கூடத்துக்கு வருகிறார். 18 ஆண்டுகளாக நிமிர முடியாதவர். அவர் வாய் திறந்து எதையும் கேட்டதாக லூக்கா எழுதவில்லை. ஆண்டவரே அவரைப் பார்க்கிறார், அழைக்கிறார், கை வைத்து நிமிர்த்துகிறார். ஓய்வுநாளில் இப்படிச் செய்யலாமா என்று தொழுகைக்கூடத் தலைவர் பொருமுகிறார். அவருக்குப் பதில் சொல்ல ஆண்டவர் மாட்டுத் தொழுவத்துக்குப் போகிறார். ஓய்வுநாள் என்பதற்காக உங்கள் மாட்டுக்கும் கழுதைக்கும் தண்ணீர் காட்டாமலா இருக்கிறீர்கள், அவிழ்த்துக்கொண்டு போகிறீர்கள்தானே என்று கேட்கிறார். எதிர்த்துப் பேசியவர்கள் வெட்கிப்போனார்கள். வாயில்லாச் சீவனின் தேவையைக் கவனிப்பது எந்த நாளிலும் நம் கடமை என்பதை அவர் வாதாடி நிறுவவில்லை. அதை எல்லாரும் ஒப்புக்கொண்ட நியாயமாக எடுத்துக்கொண்டு, அதன்மேல் நின்றே அந்தப் பெண்ணின் விடுதலையைப் பேசுகிறார்.

இன்று ஆகஸ்ட் 16. நம் மக்கள் ஆரோக்கியநாதர் என்று கூப்பிடும் புனித ரோக்கின் திருநாள். அவருடைய சுரூபத்தைப் பார்த்திருப்பீர்கள்: தொடையில் புண், காலடியில் வாயில் ரொட்டியோடு ஒரு நாய். பிரான்சின் மோன்பெலியே நகரில் பிறந்தவர். உரோமைக்குத் திருப்பயணம் போகையில் கொள்ளைநோயில் கிடந்தவர்களுக்குப் பணிவிடை செய்தார். இத்தாலியின் பியாசென்சா அருகே அந்த நோய் அவரையே பற்றியது. காட்டில் ஒதுங்கிக் கிடந்தவருக்கு ஒரு நாய் நாள்தோறும் ரொட்டி கொண்டுவந்தது, புண்ணை நக்கியது என்று மரபு சொல்கிறது. எழுந்து நடமாட முடியாத மனிதரை ஒரு நாய் பார்த்துக்கொண்டது. நடக்க முடியாமல் விழுந்த நாயை நாம் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று இன்று பேச விரும்புகிறேன்.

ஏன் இதைக் கோவிலில் பேச வேண்டும்? திருப்பலி முடிந்து கூட்டம் கலைந்தபின் தயங்கித் தயங்கி வந்து, “ஃபாதர், எங்க நாய்க்குப் பின்னங்கால் விழுந்துபோச்சு, வேண்டிக்கோங்க” என்று சொல்கிறவர்கள் உண்டு. சொல்லும்போதே ஒரு வெட்கம். மனிதர்களுக்கே ஆயிரம் துன்பம் இருக்க, இதற்குப் போய்ச் சாமியாரிடம் வருவதா என்ற கூச்சம். அந்தக் கூச்சம் வேண்டாம். நினிவே நகரை அழிக்காமல் விட்டதற்குக் காரணம் சொல்லும்போது, அங்கிருந்த மக்களோடு கால்நடைகளையும் சேர்த்தே சொன்னவர் நம் கடவுள். யோனா நூலின் கடைசி வரியைப் புரட்டிப் பாருங்கள். வேண்டிக்கொள்கிறேன். அந்த வேண்டுதலோடு உங்கள் கைகளுக்கும் வேலை இருக்கிறது.

முதலில் நோயைப் புரிந்துகொள்வோம். முதுகெலும்புத் தொடரில் ஏறக்குறைய ஒவ்வோர் எலும்புக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு வட்டு இருக்கிறது. டிஸ்க் என்று சொல்கிறோமே, அதுதான். இளநுங்கைப் போல வெளியே உறுதியான சுற்று, உள்ளே வழவழப்பான சதை. குதிக்கும்போதும் ஓடும்போதும் அதிர்ச்சியைத் தாங்குவது அந்தச் சதைதான். சில வகை நாய்களுக்குச் சிறு வயதிலேயே அது முற்றி, வறண்டு, சுண்ணாம்பாக இறுகிவிடுகிறது. பிறகு ஒரு நாள் சோபாவிலிருந்து குதிக்கும்போதோ, ஒன்றுமே செய்யாமல் திரும்பும்போதோ, வெளிச்சுற்று கிழிந்து இறுகிய உள்சதை மேலே பிதுங்குகிறது. மேலே ஓடுவது தண்டுவடம். அது அடிபட்டு, நசுங்கி, வீங்குகிறது. காலையில் ஓடியாடிய நாய் மாலையில் பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு வருவது இதனால்தான். 1952-ல் சுவீடனின் ஹான்சென் என்ற ஆய்வாளர் இதை விரிவாக எழுதி இரண்டு வகையாகப் பிரித்தார். இளவயதில் திடீரென்று வெடிப்பது முதல் வகை. வயதான நாய்களில் வட்டு மெல்ல மெல்லப் புடைத்து அழுத்துவது இரண்டாவது வகை.

இந்த நோய்க்கு மிக அதிகமாக ஆளாவது டாஷண்ட். நீண்ட உடலும் குட்டைக் காலுமாக, நம் ஊர் வீடுகளிலும் நிறைய வளர்கிறதே, அந்த நாய். ஏறத்தாழ ஐந்து டாஷண்டுகளில் ஒன்றுக்கு வாழ்நாளில் எப்போதாவது இது வருகிறது. பீகிள், பிரெஞ்சு புல்டாக், காக்கர் ஸ்பேனியல், ஷிட்சூ ஆகியவற்றுக்கும் வருகிறது. இங்கே நம் மனச்சான்றைத் தொடுகிற ஒரு செய்தி உண்டு. ஜெர்மனியில் வளைக்கரடியை அதன் வளைக்குள் புகுந்து பிடிப்பதற்காக, கால் குட்டையான நாய்களாகப் பொறுக்கி எடுத்துத் தலைமுறை தலைமுறையாக இணைசேர்த்து உருவாக்கியது இந்த இனம். 2017-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள், நாயின் 12-ஆம் குரோமோசோமில் கூடுதலாகச் சேர்ந்திருக்கும் ஒரு மரபணு நகலைக் கண்டறிந்தார்கள். காலைக் குட்டையாக்குவதும் அது, வட்டுகளுக்கு முன்கூட்டியே முதுமையைக் கொண்டுவருவதும் அது. ஆக, இந்த முதுகு இப்படி ஆனதில் மனிதர் கை இருக்கிறது. கடவுள் ஏன் இந்த வாயில்லாச் சீவனுக்கு இந்த வேதனையைக் கொடுத்தார் என்று கேட்கிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: அவசரப்பட்டுக் கடவுளைக் கேட்காதீர்கள். நம் தேவைக்காகவும் நம் கண்ணுக்கு அழகு என்பதற்காகவும் நாம் வளைத்த முதுகு இது. அதைப் பராமரிப்பதைத் தருமம் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம், நாம் பட்ட கடன் என்றே எண்ணுங்கள்.

இனி, நோய் தாக்கும் அந்த நாள் வரும்போது என்ன செய்வது? நாய் குதிக்க மறுக்கிறது, முதுகை வளைத்து நடுங்குகிறது, தூக்கினால் கத்துகிறது, கழுத்தைத் தாழ்த்தியே வைத்திருக்கிறது, நடையில் தள்ளாட்டம், பாதம் மடங்கித் தரையில் உரசுகிறது. இவற்றில் எதைக் கண்டாலும் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். கால் முற்றிலும் விழுந்துவிட்டால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. மருத்துவர் நாயின் கால் விரலை அழுத்திக் கிள்ளிப் பார்ப்பார். அந்த ஆழமான வலியை நாய் உணர்கிறதா என்பதில்தான் அதன் எதிர்காலம் பெரும்பாலும் இருக்கிறது. வலி தெரிகிற நாய்கள் நல்ல கவனிப்பில் பெரும்பாலும் மீண்டும் நடக்கின்றன. வலியே தெரியாத நிலையில் அறுவைச் சிகிச்சை செய்தாலும் ஏறத்தாழப் பாதிதான் நடக்கும். வலிக்கிறதே என்று நாம் அழுகிறோம். இந்த நோயில் வலி தெரிவது நம்பிக்கைக்கு இடம் தருகிறது. மெடிக்கல் ஷாப்பில் நமக்காக வாங்கி வைத்திருக்கும் வலி மாத்திரையை மட்டும் நாய்க்குக் கொடுத்துவிடாதீர்கள். இபுப்ரோஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாராசிட்டமாலும் ஆபத்து. மருத்துவர் கொடுத்த வலி மருந்தோடு, வீட்டில் மிச்சமிருக்கும் ஸ்டீராய்டைச் சேர்த்துக் கொடுப்பதும் குடலில் இரத்தக்கசிவில் கொண்டுபோய் விடும்.

அறுவைச் சிகிச்சை செய்தாலும் சரி, மருந்தோடு வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொன்னாலும் சரி, மருத்துவர் எழுதிக் கொடுக்கிற முதன்மையான மருந்து ஓய்வு. நான் இன்று சொல்ல வந்ததன் உயிர் இங்கேதான் இருக்கிறது.

குறைந்தது நான்கு வாரம், பல நாய்களுக்கு ஆறு வாரம், நாய் ஒரு கூண்டுக்குள்ளோ சிறு தடுப்புக்குள்ளோ இருக்க வேண்டும். எழுந்து நிற்கலாம், திரும்பலாம், கால் நீட்டிப் படுக்கலாம். ஓட முடியாது, குதிக்க முடியாது. அவ்வளவுதான் இடம். சிறுநீர், மலம் கழிக்க மட்டுமே வெளியே. அப்போதும் கழுத்துப்பட்டை வேண்டாம், மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸ் போட்டு, வயிற்றுக்கடியில் ஒரு துண்டைக் கொடுத்துப் பின்பாரத்தைத் தாங்கிக்கொண்டு நாலு அடி நடத்திவிட்டு, உடனே உள்ளே. தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்கடியில், மறு கை பின்புறத்துக்கடியில், முதுகு சமமாக இருக்க வேண்டும். முன்னங்காலைப் பிடித்துத் தூக்குவது கூடவே கூடாது. கிழிந்த வெளிச்சுற்றில் தழும்பு கட்டி மூடுவதற்கும், தண்டுவடத்தின் வீக்கம் வடிவதற்கும் உடல் எடுத்துக்கொள்ளும் காலம் அது. அதை மாத்திரையால் விரட்ட முடியாது.

பத்துக் கட்டளைகளை எண்ணிப் பாருங்கள். ஓய்வுநாளைப் பற்றிய கட்டளை யாருக்கெல்லாம் ஓய்வு தருகிறது? விடுதலைப் பயண நூலில் முழுமையாக வாசித்தால், மகனுக்கும் மகளுக்கும் வேலைக்காரர்களுக்கும் அடுத்து வீட்டு விலங்குகளும் வருகின்றன. அதே நூலின் 23-ஆம் அதிகாரம், மாடும் கழுதையும் இளைப்பாற வேண்டும் என்பதை அந்த நாளின் நோக்கங்களில் ஒன்றாகவே சொல்கிறது. மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடம் செய்த சுருக்க வடிவத்தில் அது விடுபட்டுப்போனதால் நாம் கவனிக்கவில்லை. விலங்கின் ஓய்வைக் கடவுள் நம் தயவுக்கு விட்டுவிடவில்லை, கட்டளையாகவே கொடுத்திருக்கிறார். உங்கள் வீட்டு நாய்க்கு மருத்துவர் சொன்ன அந்த நான்கு வாரத்தை, ஆறு வாரத்தை, அதற்குக் கிடைத்த ஓய்வுநாளாக எண்ணுங்கள். கூண்டைத் தண்டனையாக நினைக்கிறவர்களால் அதைக் கடைசிவரை காக்க முடியாது.

சோதனை வருவது இரண்டாவது வாரத்தில். மருந்து வேலை செய்ததும் வலி அடங்கும். நாய் வாலை ஆட்டும், கம்பியைப் பிறாண்டும், முகத்தைப் பார்த்து முனகும். தனக்குக் குணமாகிவிட்டது என்றே அது நினைக்கும். நமக்கும் அப்படியே தோன்றும். பாவம், ஐந்து நிமிடம் விட்டால் என்ன என்று வீட்டில் யாராவது ஒருவர் தாழ்ப்பாளைத் திறப்பார். பெரும்பாலும் மிகுந்த பாசம் உள்ளவர்தான் திறப்பார். அது நேரே சோபாவுக்குப் பாயும், பாதி மூடிய கிழிசல் மறுபடியும் பிளக்கும். முதல் முறை தள்ளாட்டத்தோடு போன நாய், இரண்டாம் முறை கால் விழுந்து வரலாம்.

அன்பார்ந்தவர்களே, நம் இரக்கத்துக்கும் ஒழுங்கு வேண்டும். அழுகிற குரலைக் கேட்கப் பொறுக்காமல் செய்கிற செயல் பல நேரம் நம் மனவேதனையைத்தான் ஆற்றுகிறது, எதிரே இருப்பவரின் நோயை அல்ல. மதுவை நிறுத்திய கணவன் கெஞ்சுகிறானே என்று ஒரு நாள் காசு கொடுக்கிற மனைவிக்கும், இரத்தத்தில் சர்க்கரை ஏறிய தாய்க்கு ஒளித்து இனிப்புக் கொடுக்கிற மகனுக்கும் இது தெரியும். இயேசு அந்தப் பெண்ணைக் கட்டவிழ்த்தார் என்பது உண்மை. அவிழ்க்கும் வேளையை அறிந்து அவிழ்த்தார். நமக்கு அந்த வேளையைச் சொல்பவர் மருத்துவர். அவர் சொல்லும்வரை கூண்டின் அருகில் உட்கார்ந்திருங்கள். கூண்டை மாடியறையில் வைக்காமல், வீட்டார் புழங்கும் கூடத்திலேயே வையுங்கள். குடும்ப செபமாலை சொல்லும்போது பக்கத்திலேயே கிடக்கட்டும். குரல் கேட்டு, வாசனை தெரிந்து, தான் ஒதுக்கப்படவில்லை என்று அறிந்தால் நாய் அடங்கிப் படுக்கும்.

அடுத்ததை யாரும் மேடையில் பேசுவதில்லை, நான் பேசியாக வேண்டும். கால் விழுந்த நாய்களுக்குச் சிறுநீர்ப்பையும் வேலை செய்யாமல் போவதுண்டு. ஈரமாக இருக்கிறதே, போகிறதே என்று வீட்டார் நினைப்பார்கள். பை நிரம்பித் தளும்பிச் சொட்டுவதாக அது இருக்கலாம். அப்படியே விட்டால் பையின் தசை பழுதாகும், கிருமி சேரும், சிறுநீரகம்வரை போகும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை வயிற்றின் இரு பக்கமும் கை வைத்து மெல்ல அழுத்திச் சிறுநீரை வெளியேற்ற வேண்டியிருக்கும். இதைச் சொல்லக் கேட்டு மட்டும் கற்க முடியாது. மருத்துவர் உங்கள் கைமேல் தம் கையை வைத்துக் காட்டும்வரை அங்கிருந்து கிளம்பாதீர்கள். சிறுநீர் கலங்கலாகவோ, இரத்தம் கலந்தோ, நாற்றமெடுத்தோ வந்தால் உடனே சொல்லுங்கள். நனைந்த இடத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடையுங்கள். இல்லையென்றால் தோல் வெந்துபோகும். ஒரே பக்கமாகக் கிடந்தால் இடுப்பிலும் முழங்கையிலும் படுக்கைப்புண் வரும். தடித்த மெத்தை போட்டு, சில மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வையுங்கள். மருத்துவர் அனுமதித்தபின் பின்னங்கால்களை மெல்ல மடக்கி நீட்டிவிடுங்கள், மூட்டு இறுகிப்போகாமல் இருக்கும்.

இரவு பதினொரு மணிக்கும் விடியற்காலையிலும் எழுந்து இதைச் செய்கிறவர்கள் நம் பங்கில் இருக்கலாம். கையில் மூத்திர நாற்றம் போகவில்லை என்று கூசுகிறவர்கள் இருக்கலாம். ஆண்டவர் அந்தப் பெண்ணைத் தூரத்திலிருந்து வார்த்தையால் மட்டும் குணமாக்கியிருக்க முடியும். அவர் கை வைத்தார். நோயுற்ற உடலைத் தொடுவதில் தீட்டு என்று ஒன்று இல்லை என்பதை நம் திருச்சபை அவருடைய கைகளிடமிருந்தே கற்றது. உங்கள் கையும் தூய கையே.

பணத்தைப் பற்றியும் பேசுவோம், ஏனென்றால் பல வீடுகளில் சண்டையே அங்கேதான். ஸ்கேனும் அறுவைச் சிகிச்சையும் பெருஞ்செலவு. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இதில் இரண்டு பக்கமும் பேசுகிறது. விலங்குகளுக்குப் பரிவு காட்டுவது நம் கடன் என்கிறது 2416-ஆம் எண். விலங்குகளைத் தேவையில்லாமல் துன்புறுத்துவதோ கொல்வதோ மனித மாண்புக்கே எதிரானது என்கிறது 2418-ஆம் எண். மனிதரின் துயரைத் துடைக்க முதலில் போக வேண்டிய பணத்தை விலங்குக்குச் செலவிடுவது தகாது என்றும் அதே எண் சொல்கிறது. ஆகவே என் தீர்ப்பு இது. பிள்ளையின் கல்விக் கட்டணத்தையும் பெற்றோரின் மருந்துச் செலவையும் அடகு வைத்து நாய்க்கு அறுவைச் சிகிச்சை செய்யக் கடவுள் யாரையும் கேட்கவில்லை. முடியாதவர்கள் குற்றவுணர்வில் கருக வேண்டாம். நடக்க முடிகிற, அல்லது கால் அசைகிற நாய்களில் பல, கூண்டு ஓய்வாலும் மருந்தாலுமே தேறுகின்றன. அதற்கு வேண்டியது பொறுமை, அது பணக்காரரிடம் மட்டும் இருப்பதில்லை. வசதி உள்ளவர்கள் செய்யுங்கள், தாராளமாகச் செய்யுங்கள். செய்த அந்த மாதத்தில் வின்சென்ட் தே பவுல் சபை உண்டியலையும் மறக்காதீர்கள். நாய்க்குச் செலவழித்தவரைப் பார்த்து, இந்தப் பணத்தில் எத்தனை ஏழைகளுக்குச் சோறு போடலாம் என்று கணக்குச் சொல்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் பணத்தில் எத்தனை பேருக்குச் சோறு போட்டீர்கள் என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள்.

குணமானபின் பழைய வாழ்க்கைக்கு அப்படியே திரும்ப முடியாது. ஒரு வட்டு கெட்ட நாய்க்கு மற்ற வட்டுகளும் அதே தன்மையில்தான் இருக்கும், திரும்ப வரலாம். வழுக்கும் டைல்ஸ் தரையில் ரப்பர் விரிப்புப் போடுங்கள். மாடிப்படிக்குத் தடுப்பு வையுங்கள். சோபாவுக்கு ஏற வேண்டுமென்றால் ஒரு சாய்பலகை. எடை கூடவே கூடாது. தடவினால் விலா எலும்பு கைக்குத் தெரிய வேண்டும். டீக்கு நாம் தின்னும் பிஸ்கட்டில் பாதியைக் கீழே போடும் பழக்கத்தைத் தாத்தா பாட்டிகள் விட வேண்டும். குட்டி வாங்கப் போகிறவர்கள், பெற்ற நாய்களுக்கு முதுகு நோய் வந்ததா என்று விசாரியுங்கள். நோய் வந்த நாயைக் குட்டிக்காக இணைசேர்க்காதீர்கள். பட்ட கடனை மேலும் பெருக்க வேண்டாம்.

எல்லா நாயும் எழுவதில்லை. பின்னங்கால் திரும்பாமலே, சக்கரவண்டி கட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் மகிழ்ச்சியாக வாழும் நாய்கள் உண்டு. அதைப் பார்த்து ஐயோ என்பவர்கள் நாம்தான், அவை தம்மை நொந்துகொள்வதில்லை. வேறு சில நாய்களில், ஆழமான வலியுணர்வு போனபின் தண்டுவடமே கரைந்து, செயலிழப்பு மேலே மேலே ஏறி மூச்சுவரை போகும். அப்போது மருத்துவர் ஊசி போட்டு அமைதியாக அனுப்பிவிடலாம் என்பார். அதற்குச் சம்மதித்தவர்கள் என்னிடம் வந்து, பாவம் செய்துவிட்டோமா என்று கேட்க வேண்டியதில்லை. தீராத வேதனையை நீட்டிக்காமல் விட்டது பாவம் ஆகாது. அழுங்கள். அந்த அழுகையை யாரும் கேலி செய்ய வேண்டாம்.

கடைசியாக அன்பியத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வாரக் கூட்டத்தில் ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேளுங்கள்: நம் தெருவில் தனியாக இருக்கிற முதியவர் யாராவது, நடக்க முடியாத நாயை வைத்துக்கொண்டு திண்டாடுகிறாரா? குனிந்து தூக்க அவர் இடுப்பில் பலம் இருக்காது, இரவில் விழித்துப் புரட்ட ஆள் இருக்காது. இளையோரில் இருவர் முறைபோட்டுக்கொண்டு காலையும் மாலையும் போய், துண்டைக் கொடுத்து அந்த நாயை வெளியே நடத்திவிட்டு, படுக்கையை மாற்றிவிட்டு வாருங்கள். ஆட்டோ பிடித்து மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். நாயை விட்டுவிட்டு வர முடியாமல் ஞாயிறு திருப்பலி தவறிப்போகிறதே என்று வருந்துகிறவர் இருந்தால், எனக்குச் சொல்லி அனுப்புங்கள். நற்கருணையோடு அவர் வீட்டுக்கு நான் வருகிறேன்.